விருது கேளாத தொண்டர்கள்

ஓசூரில் எங்கள் மஹல்லாவில் ஒரு மூதாட்டி இருக்கின்றார். எந்த வீட்டில் பெண் ஜனாஸா விழுந்தாலும், நள்ளிரவாயினும் அதிகாலையாயினும், சொல்லியனுப்பிய சிறிது நேரத்தில் அவர் வாசலில் நிற்பார். குளிப்பாட்டிக் கஃபன் அணிவித்து, உறவினர்க்கு நான்கு ஆறுதல் வார்த்தைகள் சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுவார். கூலி வாங்குவதில்லை, ஒரு குவளைத் தேநீர்கூட அருந்துவதில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இப்பணியைச் செய்து வருகின்றார்.

சில மாதங்களுக்கு முன், சேவையாளர்களைப் பாராட்டும் விழா ஒன்று எங்கள் பகுதியில் நடைபெற்றது. கட்டட நிதிக்கு வாரி வழங்கியோர் மேடையேறினர். பொன்னாடைகளும் கேடயங்களும் வழங்கப்பெற்றன. அம்மூதாட்டியின் பெயர் எங்கும் இல்லை. விழாப் பொறுப்பாளரிடம் காரணம் வினவினேன். "அவங்க கேக்கவே இல்லையே, ஹஜ்ரத்!" என்றார் அவர்.

அந்த நண்பர் வஞ்சகமாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆயினும் அப்பதில் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. உண்மையான தொண்டர் கேட்கமாட்டார். விருதுகளோ பெரும்பாலும் கேட்டவர்க்கே கிடைக்கின்றன. இம்முரண்பாட்டை எவ்வாறு தீர்ப்பது?

நம் மாவட்டத்துக்கு வந்த பதக்கம்

அரசு வழங்கும் விருதுகளுள் நம் சமுதாயத்தார் அவசியம் அறிந்திருக்க வேண்டியது கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கமாகும். கோவையில் மக்களிடையே நல்லிணக்கம் நிலவப் பாடுபட்டு, அதன் பொருட்டே உயிர் நீத்த ஒரு முஸ்லிமின் பெயரால் தமிழக அரசு இதனை ஏற்படுத்தியது. குடியரசு நாள் விழாவில் முதலமைச்சர் இதனை வழங்குவார். இதற்குரிய தகுதி சிந்திக்கத்தக்கது. சாதி, வகுப்புக் கலவர வேளையில் தம்மவரை அல்ல, வேறு சமூகத்தவரின் உயிரையோ உடைமையையோ காத்தவராக இருத்தல் வேண்டும்.

2024 ஜனவரி 26 அன்று இப்பதக்கத்தைப் பெற்றவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த முகமது ஜுபேர். செய்திகளின் உண்மையைச் சரிபார்த்து வெளியிடும் 'ஆல்ட் நியூஸ்' இணையதளத்தின் இணை நிறுவனர் அவர். 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் காட்டுத்தீயெனப் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பியது. அக்காணொளிகள் வேறு நிகழ்வுகளைச் சார்ந்தவை, பரப்பப்பட்டது பொய் என்று ஜுபேர் எடுத்துக் காட்டினார். அப்பணிக்காகவே அவர்க்கு இப்பதக்கம் வழங்கப்பட்டது.

அந்நாள்களில் ஏற்பட்ட அச்சத்தின் ஆழத்தைச் சிப்காட் பகுதியில் வாழும் நாம் நன்கறிவோம். இங்குள்ள ஆலைகளில் தமிழரோடு தோளோடு தோள் நின்று உழைப்போருள் பீகாரும் ஒடிசாவும் ஜார்க்கண்டும் விட்டு வந்தோர் ஏராளம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் இந்த எல்லை மண்ணில், ஒரு பொய் எத்தனை அடுப்புகளை அணைத்துவிடக் கூடும்! அதனைத் தடுப்பதும் தொண்டேயன்றோ?

ஆரஞ்சுப் பழக் கூடையும் பத்மஸ்ரீயும்

எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் மங்களூரில் நிகழ்ந்ததையும் காண்போம். ஹரேகள ஹாஜப்பா என்பவர் கூடையில் ஆரஞ்சுப் பழம் சுமந்து விற்றவர், பள்ளிக்கூடம் சென்றறியாதவர். ஒருநாள் வெளிநாட்டினர் பழத்தின் விலையைக் கேட்டபோது, அவர்கள் மொழி புரியாமல் கூனிக் குறுகி நின்றார். தமக்கு நேர்ந்தது தம் ஊர்க் குழந்தைகளுக்கு நேரக் கூடாதென உறுதி பூண்டார். பழம் விற்ற காசைச் சேர்த்தும், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும் தம் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்தார். அதன் முதல் வகுப்புகள் ஊர்ப் பள்ளிவாசலைச் சார்ந்த மதரஸாவில் நடைபெற்றன என்பது என்போன்ற மதரஸா ஆசிரியர்க்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அவர்க்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். 2021 நவம்பரில் வெறுங்காலுடன் சென்று குடியரசுத் தலைவரிடம் விருதைப் பெற்றுக்கொண்டார். இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக் கொண்டவரல்லர். அவரைக் கண்டோர் எழுதினர், கன்னட நாளேடுகள் வெளியிட்டன, அறிந்தோர் பரிந்துரைத்தனர். பழக்காரர் தம் வேலையைப் பார்த்தார். அக்கம்பக்கத்தார் தம் கடமையைச் செய்தனர். இதுவே நம் வினாவுக்கு விடை.

இக்லாஸ் என்ன ஆகும்?

"அல்லாஹ்வுக்காகச் செய்த அமலுக்கு மேடையில் பதக்கம் வாங்கலாமா?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான அச்சமே. புகழுக்காகக் கொடுத்தவரும், புகழுக்காகக் கற்றவரும், புகழுக்காகப் போரிட்டவரும் மறுமையில் கைசேதப்படுவர் என நபிமொழி எச்சரிக்கின்றது. தன்னைத் தானே முன்னிறுத்துவது ஆபத்தானது.

ஆனால் பிறரைத் தேடி விசாரிப்பது வேறு. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கித் தூய்மை செய்துவந்த ஒரு கறுப்பினப் பெண்மணியைச் சில நாள்களாகக் காணவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் எனத் தோழர்கள் கூறினர். அதனைப் பெரிய செய்தியாகக் கருதாததால் அவர்கள் முன்பே தெரிவித்திருக்கவில்லை. அண்ணலார் அவர்தம் கப்ரைக் காட்டச் சொல்லி, அங்குச் சென்று தொழுது துஆச் செய்தார்கள். அப்பெண்மணி எதையும் கேட்கவில்லை. அவரைப் பற்றிக் கேட்டவர்கள் அகிலத்தின் அருட்கொடையானவர்கள். மறந்துவிட்ட சமூகத்துக்கு அன்று ஒரு பாடம் புகட்டப்பட்டது.

நெடுஞ்சாலை அழைக்கின்றது

கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் வாழ்வோர்க்கு விபத்தின் ஓலம் புதிதன்று. அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் "போலீஸ், கோர்ட்" என்னும் அச்சத்தால் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வச்சத்துக்கு இன்று இடமில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும், நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்குத் தொடுக்கக் கூடாதென்றும், பெயரைச் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாதென்றும் காக்கின்றன. அத்தகையோர்க்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2021 அக்டோபரில் தொடங்கியது. 2025இல் அத்தொகை 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொகையைக் காட்டிலும், "உதவியவன் குற்றவாளியல்லன், கண்ணியத்துக்குரியவன்" என்று அரசே அறிவித்ததுதான் பெரிது.

ஜமாஅத்துகள் என் செய்யலாம்?

முதலாவதாக, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். யார், எந்நாளில், என்ன தொண்டு செய்தார் என்பது அதில் பதிவாகட்டும். நாளும் சான்றும் இல்லாத தொண்டை எந்த விண்ணப்பத்திலும் எழுத இயலாது. கொரோனா பரவிய 2020, 2021 ஆண்டுகளில், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களைச் சமய வேறுபாடின்றி நல்லடக்கம் செய்த முஸ்லிம் இளைஞர்கள் தமிழகமெங்கும் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேரின் பணி எழுத்தில் இருக்கின்றது?

இரண்டாவதாக, படித்த நம் பிள்ளைகள் பிறர்க்காக விண்ணப்பம் எழுதட்டும். கோட்டை அமீர் பதக்கத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அறிவிப்பு வெளியிடும். பத்ம விருதுகளுக்கு எவரும் எவரையும் இணையவழியில் பரிந்துரைக்கலாம். ஆனால் உரியவரின் சம்மதம் பெற்றே எழுதுக. அவர் மறைவை விரும்பினால் அதனை மதித்திடுக.

மூன்றாவதாக, நம் மேடைகளில் பணம் தந்தவர்க்கு ஓர் இருக்கை என்றால், உழைப்பைத் தந்தவர்க்கும் ஓர் இருக்கை இருக்கட்டும். நமக்கு உதவிய பிற சமயத்துச் சகோதரர்களையும் அழைத்துக் கண்ணியப்படுத்துவோம்.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு, சென்ற வாரம் என் துணைவியாரை அழைத்துக்கொண்டு அம்மூதாட்டியின் இல்லம் சென்றேன். அடுத்த விழாவில் அவரைக் கௌரவிக்க விரும்புவதாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சால்வையெல்லாம் எனக்கு எதுக்கு, ஹஜ்ரத்? கையில பலம் குறைஞ்சுபோச்சு. ரெண்டு பொண்ணுங்கள அனுப்பி வையுங்க. குளிப்பாட்டுற முறையக் கத்துக்கொடுத்துட்டுப் போறேன். நான் மவுத்தானா என்னைக் குளிப்பாட்ட ஆள் வேணுமில்ல?"

நான் வாயடைத்து நின்றேன். முப்பது ஆண்டுகளாக அவரை நாங்கள் கவனியாததன் விளைவு, அவர்க்கு ஒரு பொன்னாடை கிட்டாமற் போனதன்று. அவர்க்குப்பின் அப்பணிக்கு ஒருவர்கூட உருவாகாமற் போனதேயாகும்.

வரும் வெள்ளி முதல் எங்கள் மதரஸாவில் பெண்களுக்கான ஜனாஸாப் பயிற்சி தொடங்குகின்றது, இன்ஷா அல்லாஹ். அவரே ஆசிரியை. தொண்டர்களைத் தேடி அறியும் கண்களையும், அவர்தம் வழியில் நடக்கும் கால்களையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக! ஆமீன்.