சுருக்கெழுத்துத் தட்டச்சர் வேலை: அறிவிப்புக்கு முன்பே தொடங்க வேண்டும்

குரூப் 4 அறிவிப்பு வந்த பிறகுதான் நம் வீடுகளில் அரசு வேலை பற்றிய பேச்சே தொடங்குகிறது. மற்ற பதவிகளுக்கு அது போதும். சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிக்குப் போதாது. அறிவிப்பு வெளியாகும் நாளில் தட்டச்சு, சுருக்கெழுத்துச் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும்.

2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தது ஏப்ரல் 25. மொத்தம் 3,935 இடங்கள், அதில் 368 சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு. ஏப்ரல் 25-க்குப் பிறகு இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தவர் இளநிலை உதவியாளருக்குப் போட்டியிடலாம், இந்த 368-க்கு முடியாது. அதனால்தான் இங்கே கூட்டம் குறைவு.

திருச்சுழியில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த பூமி, வீட்டில் நிலையான வருமானம் இல்லை. கல்லூரிக்கு அனுப்பலாமா, மாப்பிள்ளை பார்க்கலாமா என்று யோசனை ஓடுகிறது. பையனாக இருந்தால் சென்னையில் கடை வேலை, இல்லையென்றால் வளைகுடா விசா. இந்தப் பெண்ணுக்கு அடிப்படைக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான், அது ஏற்கெனவே இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகள்தான் பாக்கி. கல்லூரியில் படித்துக்கொண்டே தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்கலாம்.

எந்தச் சான்றிதழ்கள் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழிகளிலும் தட்டச்சும் வேண்டும், சுருக்கெழுத்தும் வேண்டும். இரண்டு மொழியிலும் முதுநிலை முடித்திருந்தால் சிறப்பு. இல்லையென்றால் ஒரு மொழியில் முதுநிலை, மற்றதில் இளநிலை. இரண்டிலும் இளநிலை மட்டும் என்றால் தகுதி இல்லை. தட்டச்சு ஓரளவு சீக்கிரம் கைக்கு வந்துவிடும். ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 80 சொற்கள், முதுநிலைக்கு 120. முதல் சில மாதங்கள் கோடும் வளைவுமாக ஒன்றும் புரியாது. பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு நாள் விட்டாலும் கை மறந்துவிடும். எல்லாம் சேர்ந்து இரண்டு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத் தானியங்கிக் கணினிச் சான்றிதழும் கேட்பார்கள். அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், வேலையில் சேர்ந்த பிறகு தகுதிகாண் பருவத்துக்குள் முடிக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான்: 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். பாதிக் கேள்விகள் தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இது. முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு, பள்ளியில் அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இட ஒதுக்கீட்டில் நமக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனியாக இருக்கிறது. பொதுப் பிரிவு 31 விழுக்காட்டிலும் நாம் போட்டியிடலாம். பெண்களுக்கு 30 விழுக்காடு. ஆனால் சாதிச் சான்றிதழில் வெறும் ‘முஸ்லிம்’ என்று இருந்தால் சிக்கல். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், ஷேக், சையது என்று பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் இருக்க வேண்டும். இப்போதே பீரோவைத் திறந்து எடுத்துப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க அவகாசம் கிடைக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடுவது வீண் அலைச்சல்.

மத்திய அரசில் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஸ்டெனோகிராபர் தேர்வும் உண்டு. பிளஸ் டூ போதும். ‘டி’ பிரிவுக்கு வயது 27 வரை, ‘சி’ பிரிவுக்கு 30 வரை, ஓ.பி.சி. சான்றிதழ் இருந்தால் மூன்று ஆண்டு தளர்வு. அந்த ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்க வேண்டியது, நம் மாநிலச் சான்றிதழ் அங்கே செல்லாது. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. கணினித் தேர்வில் 200 கேள்விகளில் 100 ஆங்கிலம். அதில் தேறியவர்களுக்கு 10 நிமிட டிக்டேஷன்: ‘டி’ பிரிவுக்கு நிமிடத்துக்கு 80 சொற்கள், ‘சி’க்கு 100. அது ஆங்கிலத்திலோ இந்தியிலோதான், தமிழில் இல்லை. ஆகவே எந்த மொழியில் முதுநிலை முடிப்பது என்று தயங்கும் பிள்ளை ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால், தமிழில் இளநிலையோடு குரூப் 4-க்கும் தகுதி வந்துவிடும், டெல்லித் தேர்வுக்கும் கை தயாராக இருக்கும்.