சொந்தமாகக் கட்டும் ஸ்போர்ட்ஸ் கார்: பெரிய பிரேக்கா, பொருந்தும் பிரேக்கா?

கோல சிலாங்கூர் – பழைய புரோட்டோன் சாகாவின் இஞ்சினை எடுத்து, இரும்புக் குழாயால் சட்டம் அடித்து, சொந்தக் கையால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்ட வேண்டும் என்பது பட்டறையில் வளர்ந்த இளைஞர் பலரின் கனவு. இது புதிய ஆசையும் அல்ல. இங்கிலாந்தில் 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்ட முடிந்தது. அதன் வழிவந்த கேட்டர்ஹாம் நிறுவனத்தை 2011-இல் வாங்கியவர் நம் நாட்டுத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸ்.

இத்தகைய காரில் இஞ்சினுக்குச் செலவழித்த பிறகு, மிஞ்சிய பணத்தில் பிரேக் வாங்குவதுதான் ஆபத்து. வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் நன்றாகப் பிடித்த பிரேக், 120-இலும் அப்படியே பிடிக்கும் என்று நம்ப முடியாது.

முன்னும் பின்னும் சமநிலை

பிரேக் அழுத்தும்போது காரின் பாரம் முன்பக்கம் சாயும். அதனால் முன் சக்கரங்களுக்குக் கூடுதல் பிடிப்பு தேவை. பின் சக்கரங்கள் முதலில் இறுகிவிட்டால் கார் சுழன்றுவிடும். சாகாவில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் இருப்பதும், பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு இருப்பதும் இதற்காகத்தான்.

அதே இஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் கணக்கு மாறிவிடும். பின் சக்கரங்கள் கூடுதல் பாரம் சுமக்கும். பழைய வால்வோ அவற்றின் பிடிப்பைத் தடுக்கும். முன் சக்கரங்கள் முன்கூட்டியே இறுகி, நிற்கும் தூரம் நீளும். பின்னால் மட்டும் பெரிய டிஸ்க் மாட்டினால் எதிர்ப்பக்கத் தவறு நடக்கும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வால்வைப் பின்பக்கக் குழாயில் பொருத்துவது இதற்கு ஒரு தீர்வு.

நான்கு பிஸ்டன் மாயை

நான்கு பிஸ்டன் காலிப்பர் என்றாலே பிடிப்பு அதிகம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று கொண்ட சாதாரண காலிப்பரின் பரப்பு ஏறக்குறைய 22.9 சதுர சென்டிமீட்டர். 38 மில்லிமீட்டர் பிஸ்டன்கள் நான்கு உள்ள காலிப்பரில் ஒரு பக்கத்துக்கு இரண்டுதான். அவற்றின் பரப்பு 22.7. பிடிக்கும் விசை ஏறக்குறைய ஒன்றே. பேட் சீராகத் தேயலாம், சூடு கொஞ்சம் குறையலாம். பணம் கொடுத்ததற்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

மாஸ்டர் பம்ப் தேர்விலும் இதே கவனம் வேண்டும். முக்கால் அங்குல பம்ப்புக்குப் பதிலாக எட்டில் ஏழு பங்கு அங்குல பம்ப் மாட்டினால், அதே அழுத்தத்துக்குக் கால் ஏறக்குறைய 36 விழுக்காடு கூடுதலாக அழுத்த வேண்டும். மிகச் சிறிய பம்ப் போட்டாலோ மிதி நெடுந்தூரம் கீழே போகும்.

புரோட்டோன் வசம் 1996 முதல் 2017 வரை இருந்த லோட்டஸ், எலீஸ் காரைத் தொடக்கத்தில் பிரேக் பூஸ்டர் இல்லாமலேயே விற்றது. சுமார் 725 கிலோ எடைக்கு அளந்து அமைத்ததால் அது போதுமானதாக இருந்தது. பெரிய காரின் பூஸ்டரை வெறுமனே கழற்றிவிட்டால் அந்தப் பலன் வராது.

எண்ணெயும் குழாயும்

கடலோரக் காற்றும் மழையும் உள்ள நம் வட்டாரத்தில் பிரேக் எண்ணெய் எளிதில் ஈரம் இழுக்கும். தரநிலைப்படி புதிய டோட் 4 எண்ணெய் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155. டோட் 3-இல் முறையே 205, 140. கோல சிலாங்கூரின் சமவெளிச் சாலையில் இது தெரியாது. பிரேசர் மலையிலிருந்து கோலகுபு பாரு நோக்கி இறங்கும்போது எண்ணெய் ஆவியானால் மிதி தரை தொடும், கார் நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது நல்லது. சிலிக்கோன் வகையான டோட் 5-ஐ மற்றவற்றுடன் கலக்கக் கூடாது.

ஹாஃப் கட் கடையில் காலிப்பர் வாங்குவோர், அதன் ரப்பர் சீல், ஹோஸ், பேட் ஆகியவற்றைப் புதிதாகவே போட வேண்டும். வெறும் செம்புக் குழாய் அதிர்வில் விரிசல் விடும் என்பதால் பிரேக்குக்கு ஆகாது. ஒரு வழி உடைந்தாலும் மற்றது வேலை செய்யும்படி இரண்டு தனி வழிகள் கட்டாயம் தேவை. கைப்பிரேக்கும் வேண்டும்.

மொத்தத்தில், நல்ல நிலையில் உள்ள ஒரே காரிலிருந்து காலிப்பர், டிஸ்க், மாஸ்டர் பம்ப் மூன்றையும் ஒரே தொகுதியாக எடுப்பதே குறைந்த செலவில் பாதுகாப்பான வழி. பிறகு புதிய காரின் எடைக்கும் பாரப் பங்கீட்டுக்கும் ஏற்ப வால்வைச் சரிசெய்யலாம்.

முதல் சோதனையை ஆள் நடமாட்டம் இல்லாத, அனுமதி பெற்ற மூடிய திடலில் மெதுவான வேகத்தில் செய்ய வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் இறுகுகிறது என்பதை வெளியே பாதுகாப்பான தூரத்தில் நிற்பவர் கவனிக்கட்டும். ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் பதிவும் இல்லாமல் இத்தகைய காரைப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். செம்பனை லோரிகளும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் மோட்டார்சைக்கிள்களும் ஓடும் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா சாலைகளில் பிரேக் தவறினால், அதற்கு விலை கொடுப்பவர் ஓட்டுநர் மட்டுமாக இருக்க மாட்டார்.