பரத் அருண்

பரத் அருண் (பிறப்பு: டிசம்பர் 14, 1962) முன்னாள் இந்தியத் துடுப்பாட்டக்காரரும் துடுப்பாட்டப் பயிற்றுநரும் ஆவார். ஆந்திரப் பிரதேசத்தின் விஜயவாடாவில் பிறந்த இவர், முதல்தரப் போட்டிகளில் தமிழ்நாடு அணிக்காக விளையாடினார். வலக்கை மித வேகப் பந்துவீச்சாளராகவும் பின்வரிசையில் ஓட்டங்கள் சேர்க்கக்கூடிய துடுப்பாளராகவும் இருந்தார். இந்திய அணியில் இவர் விளையாடிய காலம் மிகக் குறுகியது. எனினும், பின்னாளில் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநராக இருமுறை பணியாற்றி, இந்திய வேகப்பந்து வீச்சு வெளிநாடுகளில் வலிமை பெற்ற காலத்துடன் நெருங்கிய தொடர்புடையவராக அறியப்படுகிறார்.

விளையாட்டு வாழ்க்கை

அருண் 1986 டிசம்பரில் கான்பூரில் இலங்கை அணிக்கு எதிராகத் தமது முதல் தேர்வுப் போட்டியில் விளையாடினார். முதல் பந்தை வீச ஓடிவந்தபோது கால் வழுக்கி விழுந்தார். ஆயினும், இலங்கை 420 ஓட்டங்கள் எடுத்த அந்த ஆட்டப்பகுதியில் மூன்று விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். கவாஸ்கர் (176), அசாருதீன் (199), கபில் தேவ் (163) ஆகியோரின் ஆட்டத்தால் இந்தியா 7 விக்கெட்டு இழப்புக்கு 676 ஓட்டங்கள் குவித்த அப்போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதே தொடரில் கட்டாக்கில் நடைபெற்ற போட்டியே இவருடைய இரண்டாவதும் கடைசியுமான தேர்வுப் போட்டியாகும். இரண்டு போட்டிகளிலும் சேர்த்து 4 விக்கெட்டுகள் எடுத்தார். நான்கு ஒருநாள் பன்னாட்டுப் போட்டிகளில் விளையாடி ஒரு விக்கெட்டைக் கைப்பற்றினார்.

உள்நாட்டுப் போட்டிகளில் இவருடைய பங்களிப்பு கூடுதலானது. 1986-87 துலீப் கிண்ண இறுதியாட்டத்தில் தென்மண்டல அணிக்காக 149 ஓட்டங்கள் எடுத்தார். 1987-88 பருவத்தில் இரயில்வே அணியை வென்று ரஞ்சிக் கிண்ணத்தைக் கைப்பற்றிய தமிழ்நாடு அணியில் இடம்பெற்றிருந்தார். 1954-55க்குப் பிறகு தமிழ்நாடு பெற்ற முதல் ரஞ்சிக் கிண்ணம் அதுவாகும்.

பயிற்றுநராகத் தொடக்கம்

ஓய்வுக்குப் பின் அருண் பயிற்சித் துறையில் ஈடுபட்டார். 2002 முதல் 2006 வரை தமிழ்நாடு அணியின் பயிற்றுநராக இருந்தார். 2002-03, 2003-04 ஆகிய இரு பருவங்களிலும் தமிழ்நாடு ரஞ்சிக் கிண்ண இறுதியாட்டத்தை எட்டி, இருமுறையும் மும்பையிடம் தோற்றது.

பின்னர் பெங்களூரில் உள்ள தேசியத் துடுப்பாட்ட அகாதமியில் பந்துவீச்சு ஆலோசகராகப் பணியாற்றினார். இளம் வீரர்கள் பலர் தேசிய அணிக்கு வருவதற்கு முன்பே இவரிடம் பயிற்சி பெற்றனர். 2012இல் ஆத்திரேலியாவில் நடைபெற்ற 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணப் போட்டியில் இந்திய அணியின் பயிற்றுநராக இருந்தார். டவுன்சுவில் நகரில் நடந்த இறுதியாட்டத்தில், உன்முக்த் சந்த் ஆட்டமிழக்காமல் எடுத்த 111 ஓட்டங்களின் துணையுடன், இந்தியா ஆத்திரேலியாவை 6 விக்கெட்டுகளால் வென்றது.

பந்துவீச்சுப் பயிற்றுநரின் பணி

தலைமைப் பயிற்றுநர் அணியின் பொதுவான போக்கையும் தேர்வு தொடர்பான முடிவுகளையும் அணித்தலைவருடன் சேர்ந்து கவனிக்கிறார். துடுப்பாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு ஆகியவற்றுக்கு அவரின்கீழ்த் தனித்தனிப் பயிற்றுநர்கள் உள்ளனர். பந்துவீச்சுப் பயிற்றுநரின் பணியை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, பந்துவீச்சாளரின் ஓட்டம், தாவல், கை வீச்சு ஆகியவற்றில் நேரும் குறைகளைக் கண்டறிந்து திருத்துதல். இரண்டாவது, எதிரணித் துடுப்பாளர் ஒவ்வொருவருக்கும் எந்தத் திசையில், எந்த நீளத்தில் பந்து வீசுவது என்று திட்டமிடுதல். மூன்றாவது, ஒருவர் பயிற்சியிலும் போட்டியிலும் வீசும் பந்துகளைக் கணக்கிட்டு, காயம் நேராதவாறு பணிச்சுமையைக் கட்டுப்படுத்துதல்.

அருண் இயற்கையாக அமைந்த வீச்சு முறையை அவசியமின்றி மாற்றக்கூடாது என்ற கருத்துடையவர். ஜஸ்பிரித் பும்ராவின் வழக்கத்துக்கு மாறான வீச்சு முறையைத் திருத்துவதைவிட, அது உடலுக்குத் தரும் சுமையைத் தாங்குமளவு உடலை வலுப்படுத்துவதே உகந்தது என்பது இவருடைய நிலைப்பாடு.

இந்திய அணியில் (2014-2016)

2014இல் இங்கிலாந்தில் தேர்வுத் தொடரை 1-3 என்ற கணக்கில் இந்தியா இழந்தபின், ரவி சாஸ்திரி அணியின் இயக்குநராக நியமிக்கப்பட்டார். அப்போது அருண் பந்துவீச்சுப் பயிற்றுநரானார். 2015 உலகக்கிண்ணத்தில் அரையிறுதிக்கு முந்தைய ஏழு போட்டிகளிலும் எதிரணியின் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தி, மொத்தம் 70 விக்கெட்டுகளை இந்தியா கைப்பற்றியது. 2016இல் அனில் கும்ப்ளே தலைமைப் பயிற்றுநரானபோது அருணின் பணிக்காலம் முடிவுற்றது.

2017 நியமனச் சர்ச்சை

2017 சூலையில் சாஸ்திரி தலைமைப் பயிற்றுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சச்சின் டெண்டுல்கர், சௌரவ் கங்குலி, வி. வி. எஸ். லட்சுமண் ஆகியோரைக் கொண்ட ஆலோசனைக் குழு, சாகீர் கானைப் பந்துவீச்சு ஆலோசகராகப் பரிந்துரைத்திருந்தது. சாஸ்திரியோ, இளையோர் அணிக் காலத்திலிருந்து தாம் அறிந்திருந்த அருணை முழுநேரப் பயிற்றுநராகக் கோரினார். இரண்டு தேர்வுப் போட்டிகள் மட்டுமே ஆடிய ஒருவரை, 300க்கும் மேற்பட்ட தேர்வு விக்கெட்டுகள் எடுத்த சாகீருக்குப் பதிலாக நியமிப்பது பொருத்தமா என்ற கேள்வி எழுந்தது. சூலை 18, 2017 அன்று அருண் நியமிக்கப்பட்டார். 2019 ஆகத்தில் நடந்த மறுதேர்விலும் இவர் பதவியில் நீடித்தார்.

இரண்டாம் பணிக்காலம் (2017-2021)

அதுவரை இந்திய அணிக்காகக் குறுகிய நேரப் போட்டிகளில் மட்டும் விளையாடிவந்த பும்ரா, 2018 சனவரியில் கேப் டவுனில் தேர்வுப் போட்டிகளில் அறிமுகமானார். அத்தென்னாப்பிரிக்கத் தொடரை இந்தியா 1-2 என இழந்தபோதும், மூன்று போட்டிகளிலும் எதிரணியின் இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்தியது. அவ்வாண்டில் பும்ரா, முகமது சமி, இசாந்த் சர்மா மூவரும் சேர்ந்து 130க்கும் மேற்பட்ட தேர்வு விக்கெட்டுகளை எடுத்தனர். ஒரே நாட்டின் மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள் ஓராண்டில் எடுத்த விக்கெட்டுகளில், 1984இல் மேற்கிந்தியத் தீவுகளின் மார்சல், ஹோல்டிங், கார்னர் ஆகியோர் கொண்டிருந்த சாதனையை இது விஞ்சியது. 2018-19இல் ஆத்திரேலிய மண்ணில் இந்தியா முதன்முறையாகத் தேர்வுத் தொடரை (2-1) வென்றது. பும்ரா அத்தொடரில் 21 விக்கெட்டுகள் எடுத்தார்.

2020-21 ஆத்திரேலியச் சுற்றுப்பயணம் கடினமானதாக அமைந்தது. அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து தோற்றது. சமி, உமேஷ் யாதவ், பும்ரா, அசுவின், ஜடேஜா ஆகியோர் அடுத்தடுத்துக் காயமுற்றனர். பிரிஸ்பேனில் நடந்த நான்காவது போட்டியில் முகமது சிராஜ், நவ்தீப் சைனி, சர்துல் தாக்கூர், த. நடராஜன், வாசிங்டன் சுந்தர் ஆகிய ஐவர் பந்துவீசினர். அப்போட்டிக்கு முன் இந்த ஐவரும் சேர்ந்து விளையாடியிருந்தவை நான்கு தேர்வுப் போட்டிகள் மட்டுமே. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனுக்கும் சென்னையைச் சேர்ந்த சுந்தருக்கும் அதுவே முதல் தேர்வுப் போட்டி. வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக அணியுடன் சென்ற நடராஜன், ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்தியரானார்.

முதல் ஆட்டப்பகுதியில் நடராஜன், சுந்தர், தாக்கூர் ஆகியோர் தலா மூன்று விக்கெட்டுகளும், இரண்டாவதில் சிராஜ் ஐந்து விக்கெட்டுகளும் எடுத்தனர். 328 ஓட்டங்கள் என்ற இலக்கை எட்டி இந்தியா 3 விக்கெட்டுகளால் வென்றது. 1988க்குப் பின் ஆத்திரேலியா அத்திடலில் தோற்றது அதுவே முதன்முறை.

ஆத்திரேலியத் துடுப்பாளர்கள் வலப்புறத் திசையில் எளிதாக ஓட்டங்கள் சேர்ப்பதைத் தடுக்க, நேராகக் குச்சிகளை நோக்கி வீசி, காற்பக்கத்தில் கூடுதல் களத்தடுப்பாளர்களை நிறுத்தும் திட்டம் சுற்றுப்பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னரே வகுக்கப்பட்டது என்று அருண் பின்னர் விளக்கினார். ஸ்டீவ் ஸ்மித், மார்னசு லபுசேன் ஆகியோர் இத்திட்டத்தின் முதன்மை இலக்குகளாவர்.

2021 சூனில் சவுத்தாம்ப்டனில் நடந்த உலகத் தேர்வுத் துடுப்பாட்ட வாகையர் இறுதிப் போட்டியில் நியூசிலாந்திடம் இந்தியா தோற்றது. அவ்வாண்டு நவம்பரில் இருபது20 உலகக்கிண்ணத்துடன் அருணின் பணிக்காலம் நிறைவுற்றது. பராசு மாம்ப்ரே அடுத்த பயிற்றுநரானார்.

இந்தியன் பிரீமியர் லீக்

2022இல் அருண் கொல்கத்தா நைட் ரைடர்சு அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநரானார். அவ்வணி மே 26, 2024 அன்று சென்னை சேப்பாக்கத்தில் ஐதராபாத் அணியை 113 ஓட்டங்களுக்குள் சுருட்டிக் கிண்ணத்தை வென்றது. தமிழ்நாட்டு வீரர் வருண் சக்கரவர்த்தி அப்பருவத்தில் அவ்வணிக்காக 21 விக்கெட்டுகள் எடுத்தார். 2025இல் அருண் லக்னோ சூப்பர் ஜயன்ட்சு அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார்.

மதிப்பீடு

2011-12இல் ஆத்திரேலியாவிலும் அதற்குச் சற்றுமுன் இங்கிலாந்திலும் 0-4 எனத் தோற்ற இந்திய அணி, பத்தாண்டுகளுக்குள் ஆத்திரேலியாவில் இரு தொடர்களை வென்றது. இம்மாற்றத்தில் வீரர்களின் திறன், அணித்தலைமை, உடற்பயிற்சி முறைகள் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. பந்துவீச்சுப் பயிற்றுநரின் பங்கை மட்டும் தனியே அளந்து கூறுவது கடினம். எனினும், சிறந்த பயிற்றுநராவதற்குப் பெரும் ஆட்டச் சாதனைகள் இன்றியமையாதவை அல்ல என்பதற்கு அருணின் பணிவாழ்வு ஒரு சான்றாகக் காட்டப்படுகிறது.