வேனுக்கு கேஸ் மாட்டப் போறோமா? கணக்குப் போட்டு, காகிதம் பார்த்து மாட்டுவோம்



நம்ம மேலகரத்துக்கு ஒரு பக்கம் தென்காசி, மறு பக்கம் குற்றாலம். ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்தால் வண்டி வைத்திருக்கிற குடும்பங்களுக்கு நாலு காசு கிடைக்கும். ஐந்தருவி, பழைய அருவி, செங்கோட்டை என்று சவாரி ஓடும். சீசன் முடிந்தால் அதே வண்டி கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் என்று வீட்டுப் பாட்டுக்கு ஓடும். வருமானம் மூன்று மாதம், பெட்ரோல் செலவோ பன்னிரண்டு மாதமும்.

அதனால் குழுவில் இப்படி ஒரு கடன் மனு வருவதுண்டு: "வேனுக்கு கேஸ் மாட்டிட்டா செலவு பாதியாயிரும், கடன் கொடுங்க." கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் செலவு உண்மையிலேயே பாதியாகுமா? எந்த கேஸ், எங்கே நிரப்புவது, யார் மாட்டுவது? இதையெல்லாம் விசாரித்த பிறகுதான் கடன் தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கேஸ் வண்டி எப்படி ஓடுகிறது?

எல்.பி.ஜி. என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தம் கொடுத்தால் திரவமாகிவிடும். அடுப்பு சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே தளும்புகிறதே, அந்தத் திரவம்தான். வண்டிக்கான எல்.பி.ஜி.யும் இதே வகைதான், ஆனால் அதற்கென்று தனித் தரம், தனி டேங்க், தனி பங்க் உண்டு.

வண்டியின் பின்புறத்தில் கனமான இரும்பு டேங்க் பொருத்துவார்கள். அதிலிருந்து திரவமாக வரும் கேஸ், இன்ஜின் பக்கத்தில் உள்ள ரெடியூசர் என்ற கருவிக்குப் போகும். ரேடியேட்டர் சுடுதண்ணீரின் சூட்டில் அங்கே வாயுவாக மாறி இன்ஜினுக்குள் போகும். பெட்ரோல் டேங்க் அப்படியே இருக்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, ஒரு சுவிட்சைத் தட்டி கேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். புகை குறையும், நல்ல விஷயம்தான். ஆனால் இழுவை கொஞ்சம் குறையும். ஆளை ஏற்றிக்கொண்டு புளியரை மேட்டில் ஏறும்போது அது தெரியும். பின்னால் சாமான் வைக்கும் இடமும் குறையும்.

செலவு பாதியாகுமா?

ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தி ஒரு லிட்டர் கேஸில் கிடையாது. அதனால் மைலேஜ் குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். விலைகள் உதாரணத்துக்காகத்தான், நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் லிட்டர் ரூ.102, வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு ரூ.6.80 ஆகிறது. கேஸ் லிட்டர் ரூ.60, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு ரூ.5. மிச்சம் ரூ.1.80. அதாவது செலவு பாதியாகவில்லை. நாலில் ஒரு பங்குதான் குறைகிறது.

கிட் மாட்ட ரூ.40,000 ஆகிறது என்று வைப்போம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் குடும்ப வண்டிக்கு மாதம் ரூ.900 மிச்சம். போட்ட பணம் திரும்ப 44 மாதத்துக்கு மேல் ஆகும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ரூ.3,600 மிச்சம். 11 மாதம், கூடிப்போனால் ஒரு வருஷத்தில் பணம் திரும்பிவிடும்.

நம்ம சீசன் வண்டி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மூன்று மாதம் 2,000 வீதம், ஒன்பது மாதம் 500 வீதம் ஓடினால் வருஷத்துக்கு 10,500 கிலோமீட்டர், மிச்சம் ரூ.18,900. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 20 மாதக் கடன் என்றால், அசல் குறையக் குறைய வட்டி போட்டாலும் மொத்த வட்டி ரூ.4,200 ஆகும். அசலும் வட்டியும் சேர்ந்து திரும்ப இரண்டேகால் வருஷத்துக்கு மேல் ஆகும்.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் தவணை அசல் ரூ.2,000, வட்டி ரூ.400, ஆக ரூ.2,400. சீசன் இல்லாத மாதத்தில் கேஸால் மிச்சமாவது ரூ.900தான். பாக்கி ரூ.1,500 எங்கிருந்து வரும்? பீடிக் கூலியிலிருந்தா, பால் காசிலிருந்தா? கடன் வாங்கும் முன்பே வீட்டுக்காரரும் நாமும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

பங்க் எங்கே இருக்கிறது?

எல்லா பெட்ரோல் பங்கிலும் வண்டி கேஸ் கிடைக்காது. கிட் மாட்டும் முன்பே, நாம் தினமும் போகிற பாதையில் பங்க் இருக்கிறதா, அது நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

நிரப்புவதற்கென்றே திருநெல்வேலி தூரம் போக வேண்டியிருந்தால் என்னாகும்? 60 லிட்டர் டேங்கில் 48 லிட்டர்தான் நிரப்பலாம். அது 576 கிலோமீட்டர் ஓடும், மிச்சம் சுமார் ரூ.1,037. போக வர 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது, அதற்கே ரூ.500க்கு மேல் செலவு. மிச்சத்தில் பாதி ரோட்டிலேயே போச்சு. வேறு வேலையாகப் போகும்போது நிரப்பினால் சரி, அதற்கென்றே போனால் கட்டாது.

அடுப்பு சிலிண்டர் வேண்டவே வேண்டாம்

பங்க் பக்கத்தில் இல்லை என்றதும் சில பேர் ஒரு வழி சொல்வார்கள்: "வீட்டு சிலிண்டரைத் தூக்கி வண்டியில வையுங்க, இல்லைன்னா அதிலிருந்து டேங்குக்கு ஏத்திக்கிடலாம்." சகோதரிகளே, இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

வண்டி டேங்கில் சில பாதுகாப்புகள் உண்டு. 80 சதவீதம் நிரம்பியதும் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு இருக்கும். பால் காய்ச்சும் பாத்திரத்தில் விளிம்பு வரை ஊற்றாமல் இடம் விடுகிறோம் அல்லவா, அதுபோல வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். அழுத்தம் மீறினால் கேஸை வெளியே விடும் வால்வும், இன்ஜின் நின்றதும் கேஸை நிறுத்தும் வால்வும் உண்டு. வீட்டு சிலிண்டரோ, நிமிர்த்தி வைத்து, ரெகுலேட்டர் போட்டு, அடுப்பு எரிப்பதற்காகச் செய்தது. ரோட்டுக் குலுக்கலுக்கும் மோதலுக்கும் செய்தது அல்ல.

ஒரு வால்வு இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சு நாட்டில் நடந்ததே சாட்சி. 1999 ஜனவரியில் அங்கே வெனிசியூ என்ற ஊரில் ஒரு எல்.பி.ஜி. கார் தீப்பிடித்தது. அதன் டேங்கில் அழுத்தம் விடும் வால்வு இல்லை. டேங்க் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வால்வை அங்கே கட்டாயமாக்கினார்கள். துருக்கி, போலந்து, தென்கொரியா நாடுகளில் லட்சக்கணக்கான கார்கள் கேஸில் ஓடுகின்றன. ஆபத்து கேஸில் மட்டும் இல்லை, முறையில்லாமல் மாட்டுவதில்தான் இருக்கிறது.

வீட்டுக்குள் வைத்து சிலிண்டரைக் கவிழ்த்து ஏற்றுவது இன்னும் மோசம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவும். பக்கத்து அறையில் சாமி விளக்கு எரிந்தால் போதும்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 2000-ஆம் ஆண்டு வந்த எல்.பி.ஜி. ஆணைப்படி, வீட்டு சிலிண்டரை சமையல் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. கேஸ் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு கொடுப்பதே பெண்கள் பெயரில்தான். வண்டியை ஓட்டுவது யாரோ, வில்லங்கம் வருவது நம்ம பெயருக்கு.

முறைப்படி மாட்டுவது எப்படி?

2000-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, கிட் பொருத்தி வண்டியை எல்.பி.ஜி.க்கு மாற்றலாம் என்று 52-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு.

1. கிட் அரசு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். நம்ம வண்டியின் மாடலுக்கே அந்த அங்கீகாரம் இருக்க வேண்டும். பி.எஸ். 6 வகைப் புது வண்டிகளுக்கும் கிட் மாட்ட 2022-இல் வழி செய்திருக்கிறார்கள், அதற்கும் இதே விதிதான்.

2. அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் மாட்ட வேண்டும். பில், கிட் சான்றிதழ், டேங்க் சான்றிதழ் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தாரேன்" என்று சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

3. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துக்கொண்டு மாட்டுங்கள். மாட்டிய 14 நாளுக்குள் அங்கே தெரிவித்து, ஆர்.சி.யில் எரிபொருளை "பெட்ரோல், எல்.பி.ஜி." என்று மாற்ற வேண்டும்.

4. வண்டி மேல் பைனான்ஸ் பாக்கி இருந்தால் அவர்களிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும்.

5. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி பாலிசியில் சேர்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் வரும். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு பணம் கிடைப்பது கஷ்டம்.

பழைய கேஸ் வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி.யில் எல்.பி.ஜி. என்று இருக்கிறதா, டேங்கில் எந்தத் தேதி அடித்திருக்கிறது என்று பாருங்கள். டேங்கை 5 வருஷத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும்.

மாட்டிய பிறகு

கேஸ் வாடை வந்தால் உடனே வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்குங்கள். இன்ஜினை அணைத்து, டேங்க் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து வையுங்கள். தீக்குச்சி, பீடி, செல்போன் பக்கத்தில் வேண்டாம். திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். பள்ளத்திலும் காற்றோட்டம் இல்லாத ஷெட்டிலும் வண்டியை நிறுத்தாதீர்கள். பெட்ரோல் டேங்கை ஒருபோதும் காலியாக விடாதீர்கள்.

குழுவில் கேட்க வேண்டியவை

இந்தக் கடன் மனு வந்தால் ஊக்குநரும் உறுப்பினர்களும் ஐந்து கேள்வி கேளுங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? பங்க் எவ்வளவு தூரம்? கிட்டுக்கு எழுத்தில் மதிப்பீடு இருக்கிறதா? ஆர்.சி. மாற்றும் செலவும் கடனில் சேர்ந்திருக்கிறதா? சீசன் இல்லாத மாதத்தில் தவணை எங்கிருந்து வரும்?

ஐந்துக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆர்.சி. மாறிய நகலைத் தீர்மான நோட்டோடு சேர்த்து வையுங்கள். பதில் இல்லை என்றால் கடனை ஒரு மாதம் தள்ளி வைப்பதில் தப்பில்லை. குழுப் பணம் நம்ம சேமிப்பு. அந்த வேனில் போகப் போவதும் நம்ம பிள்ளைகள்தான்.