ஏர் பிடித்த கால்கள் ஓயலாமா?

ஓர் ஏக்கர் நிலத்தை நாட்டுக் கலப்பையால் ஒரு சால் உழுது முடிக்க உழவர் எவ்வளவு தூரம் நடக்கிறார்? கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். படைச்சாலுக்குப் படைச்சால் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், மாட்டின் பின்னால் நடக்கும் தூரம் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரு சால் ஓட்டினால் 40 கிலோமீட்டர். உலக நாடுகளில் பந்தயமாக ஓடும் மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். வரப்போரம் திரும்பும் தூரத்தையும் சேர்த்துக்கொண்டால் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. பதக்கமும் கைத்தட்டலும் இல்லாமலே நம் உழவர்கள் ஆண்டுதோறும் பல மாரத்தான் தூரங்களை நடந்து முடித்தவர்கள்.

இன்று அந்த நடை இல்லை. டிராக்டர் அதே ஏக்கரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள தாமல், தென்னேரி, உத்திரமேரூர், வாலாஜாபாத் பகுதிக் கிராமங்களிலும் இதே நிலைதான். வேலை சுலபமானது நல்லதே. ஆனால் 60 வயதைத் தாண்டிய உழவர் திடீரென்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். உண்ணும் சோற்றின் அளவு குறைவதில்லை. நடக்கும் தூரம் மட்டும் குறைந்துவிடுகிறது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி ஆகிய மூன்றும் கிராமத்துக்குள் நுழைய இது ஒரு முக்கிய காரணம். ஓடி ஆடி உழைத்த கால்களை முதுமையிலும் ஓயவிடாமல் வைத்திருக்க முடியுமா? முடியும் என்று காட்டிய விவசாயிகள் இருக்கிறார்கள்.

89 வயதில் முதல் மாரத்தான்

பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் மாவட்டம் பியாஸ் பிண்ட் கிராமத்தைச் சேர்ந்தவர் ஃபௌஜா சிங். கடவுச்சீட்டில் உள்ளபடி அவர் பிறந்தது 1911 ஏப்ரல் 1ம் தேதி. குழந்தைப் பருவத்தில் கால்கள் மெலிந்து வலுவற்று இருந்ததால் 5 வயது வரை அவரால் நடக்க முடியவில்லை. பின்னர் கால் ஊன்றி நடந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை வயலிலேயே கழித்தார்.

1992ல் மனைவி காலமானார். 1994ல் மகன் குல்தீப் ஒரு விபத்தில் இறந்தார். அந்தத் துயரம் முதியவரை அடியோடு முடக்கிவிடும் போலிருந்தது. இங்கிலாந்தில் மற்றொரு மகன் வீட்டில் இருந்தபோது, துக்கத்தை மறக்க நடக்கவும் ஓடவும் தொடங்கினார். 2000ம் ஆண்டு லண்டன் மாரத்தானில் கலந்துகொண்டு 6 மணி 54 நிமிடங்களில் ஓடி முடித்தார். அப்போது அவருக்கு வயது 89! 2003ல் கனடாவின் டொரண்டோ நகரில் அதே தூரத்தை 5 மணி 40 நிமிடங்களில் முடித்தார். 2011 அக்டோபர் 16ம் தேதி, 100 வயதில், அதே டொரண்டோவில் மீண்டும் முழு மாரத்தான் ஓடினார். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் ஓட்டத்தை விடவில்லை.

இந்தச் சாதனையைக் கின்னஸ் புத்தகம் ஏற்கவில்லை. காரணம், அவரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1911ல் பஞ்சாபின் ஒரு கிராமத்தில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் எழுதி வைத்தவர் யார்? நம் பக்கத்து முதியோர் பலருக்கும் இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். பெரியவர் அதற்காக வருந்தி உட்காரவில்லை. 2013 பிப்ரவரியில் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்துவிட்டுப் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார். நடையை மட்டும் நிறுத்தவில்லை.

அவருடைய அன்றாட வாழ்க்கையில் ரகசியம் ஏதும் இல்லை. சைவ உணவு, எண்ணெய் சேர்க்காத ரொட்டி, பருப்பு, காய்கறி, தயிர், பால். குடிப்பதற்கு நம் சுக்குக் காப்பி போல இஞ்சி சேர்த்த தேநீர். புகையும் மதுவும் இல்லை. அளவாக உண்பது, அன்றாடம் நடப்பது. இவ்வளவுதான்.

உருளைக்கிழங்கு விவசாயியின் 875 கிலோமீட்டர்

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து பீச் ஃபாரஸ்ட் என்ற ஊரில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர் கிளிஃப் யங். இளமையில் குடும்பப் பண்ணையில் ஆடுகளைக் கால்நடையாகவே விரட்டி மடக்கிப் பழகியவர். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பண்ணையிலேயே ஓடிப் பயிற்சி எடுத்தார். 1983ல் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டம் நடந்தது. தேர்ந்த வீரர்களோடு 61 வயதான இந்த விவசாயியும் வந்து நின்றார்.

தொடக்கத்தில் மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். கிளிஃப் யங் கால்களை அதிகம் உயர்த்தாமல், தரையை உரசுவது போன்ற மெதுவான ஓட்டத்தில் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் இரவில் தூங்கிய நேரத்திலும் அவர் ஓடினார். 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தார். பரிசு 10,000 டாலர். உடன் ஓடியவர்களும் பாடுபட்டவர்களே என்று அந்தத் தொகையை அவர்களுக்கே பகிர்ந்து கொடுத்துவிட்டார். அவர் 2003ல் தமது 81வது வயதில் காலமானார்.

இந்த இருவரிடமும் உழவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேகம் அல்ல, நிதானம். மாடு உழும் நடைதான் நீண்ட தூரத்துக்கு உதவும்.

நடையும் தாளமும்

நடப்பதையும் பாடுவதையும் நம் முன்னோர் தனித்தனியாக வைத்ததில்லை. பம்ப்செட் வருவதற்கு முன்பு தொண்டை மண்டலத்துக் கிணறுகளில் ஏற்றம் இறைத்தார்கள். ஏற்ற மரத்தின் மீது ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். கீழே சால் பிடிப்பவர் பாடுவார். பாட்டு வெறும் பொழுதுபோக்கு அல்ல; எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதற்கு அதுவே கணக்கு. மிதிப்பவரின் அடியும் சால் எழும் நேரமும் ஒன்றுபட அதுவே தாளம். நடவுப் பாட்டும் அப்படித்தான்.

கர்நாடக இசையிலும் தாளத்தின் போக்குக்கு 'நடை' என்றுதான் பெயர். சதுச்ர நடை, திச்ர நடை என்று வித்வான்கள் சொல்வதைக் கேட்டிருக்கலாம். காஞ்சிபுரம் இதற்குப் பெயர் பெற்ற ஊர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் முன்னோர் காஞ்சி பங்காரு காமாட்சியின் பூஜை உரிமை பெற்றவர்கள். லய நுட்பத்தில் தமக்கு நிகரில்லை என்று பெயரெடுத்த நயினா பிள்ளை (1889–1934) இவ்வூர்க்காரர். அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த டி.கே. பட்டம்மாள் 1919ல் காஞ்சிபுரத்தில் பிறந்து, 2009ல் 90 வயதில் மறைந்தார். அவர் பெயரின் முதலெழுத்து குறிப்பது, ஏரிக்குப் பேர்போன தாமல் கிராமத்தையே.

தாளம் உழைப்பைச் சுலபமாக்கும் என்பதை இங்கிலாந்தின் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராஜார்ஜிஸ் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். காலடியும் பாட்டின் தாளமும் ஒன்றுபட்டால் அலுப்பு குறைவாகத் தெரிகிறது. கூடுதல் நேரம் தாங்க முடிகிறது. ஆனால் மூச்சு வாங்கும் கடும் ஓட்டத்தில் இந்தப் பலன் குறைந்துவிடும். விவசாயி மகனாகப் பிறந்து, பள்ளிக்கு நாள்தோறும் ஓடியே போய் வந்த எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரசெலாசி, 1998ல் பர்மிங்ஹாம் அரங்கில் தமக்குப் பிடித்த பாட்டை ஒலிபரப்பச் செய்து 2,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தார்.

முதியோருக்கு இதில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைத்து நடந்தால் அது உடலுக்குப் பயன் தரும் மிதமான வேகம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். அட்சரத்துக்கு ஓர் அடி என்று வைத்தால் நிமிடத்துக்கு 12 ஆவர்த்தனம் ஆகும். கடிகாரம் பார்க்க வேண்டாம். விரலில் தாளம் போட்டுக்கொண்டே நடக்கலாம். வேகம் சரியாக இருக்கிறதா என்று அறியவும் பாட்டே அளவுகோல். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முயன்றால் மூச்சு இடறவேண்டும். அதுவே சரியான வேகம். தாராளமாகப் பாட முடிந்தால் நடை போதாது. பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் 5 நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் நடந்தால் போதும். 65 வயதைக் கடந்தவர்கள், விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சியையும் தசைகளுக்கு வலு தரும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது இதற்குத் தகுந்த எளிய பயிற்சி.

நெடுநாள் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் வாரம் 10 நிமிடம் நடந்தால் போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டு போகலாம். ஓட விரும்புபவர்கள் இரண்டு மூன்று மாதம் நடந்து பழகிய பிறகு, நடைக்கிடையே ஒரு நிமிடம் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். இதய நோய், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தலைச்சுற்றலோ கண்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். தாமதமின்றி மருத்துவரிடம் போக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கருவேல முள் குத்தினாலும் உணர்வு தெரியாமல் புண்ணாகிவிடும். வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்துப் பார்ப்பது அவசியம். சித்திரை, வைகாசி வெயிலில் சூரியன் ஏறுவதற்கு முன்பே நடையை முடித்துவிட வேண்டும். புறப்படும் முன் நீராகாரமோ, உப்புப் போட்ட மோரோ ஒரு குவளை குடிக்கலாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைத் தவிர்ப்பது நல்லது.

தறிக்காரர்களுக்கும் இது பொருந்தும். காஞ்சிபுரம் பட்டு நெசவாளி குழித்தறியில் அமர்ந்து நாள் முழுவதும் குனிந்த நிலையிலேயே வேலை செய்கிறார். மிதி மிதிக்கக் கால் அசைந்தாலும் முதுகும் இடுப்பும் அசைவதில்லை. மணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்து ஐந்து நிமிடம் தெருவில் நடப்பது முதுகு வலியைக் குறைக்கும். காலையில் தறியில் இறங்கும் முன் அரை மணி நடந்துவிட்டால் இன்னும் நல்லது.

ஏரிக்கரையே நல்ல மைதானம்

ஃபௌஜா சிங்கின் முடிவு நமக்கெல்லாம் ஓர் எச்சரிக்கை. 2025 ஜூலை 14ம் தேதி, தம் சொந்த ஊருக்கு அருகே நெடுஞ்சாலையைக் கடக்கையில் வாகனம் மோதி அவர் உயிரிழந்தார். அவருக்கு வயது 114. நோயும் முதுமையும் வீழ்த்தாத உடலைச் சாலை வீழ்த்திவிட்டது.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய நம் கிராமங்களில் இந்த ஆபத்து அன்றாடம் இருக்கிறது. எனவே நடைக்கு நெடுஞ்சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பராந்தக சோழன் காலத்திலேயே ஏரி வாரியம் அமைத்துக் கரையைக் காத்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. அந்த ஏரிக்கரைகள் இன்றும் இருக்கின்றன. மண் தரை, முழங்காலுக்கு அதிர்ச்சி குறைவு. வாகனத் தொல்லை இல்லை. போகிற போக்கில் மதகையும், வாய்க்காலையும், பயிரையும் பார்த்துவிட்டு வரலாம். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்தது. நகரத்தில் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

சாலையில் நடந்தே தீரவேண்டும் என்றால், நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு வலப்புறமாகச் செல்ல வேண்டும். இருட்டு நேரத்தில் வெள்ளைத் துண்டும் கையில் டார்ச் விளக்கும் அவசியம். இசைப் பிரியர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். செல்போன் பாட்டை இரு காதிலும் மாட்டிக்கொண்டு சாலையில் நடப்பது ஆபத்து; பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது. கச்சேரியை வீட்டுத் திண்ணையில் கேட்கலாம். மணிலா உடைக்கும்போதும், விதை பொறுக்கும்போதும் கேட்கலாம். நடக்கும் வேளையில் தாளம் விரலிலும் பாட்டு வாயிலும் இருந்தால் போதும்.

வயதான உழவர் 100 வயதில் மாரத்தான் ஓடவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து அவனைப் பள்ளிக்கு அழைத்துப் போகவும், பிறர் தோளைப் பிடிக்காமல் தம் வயலைச் சுற்றி வரவும் கால்கள் உதவினால் அதுவே பெரிய வெற்றி. வீட்டில் உள்ள இளையவர்களும் 'நீங்கள் உட்காருங்கள் அப்பா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று அன்பினால் அவர்களை முடக்கிவிடாமல், காலையில் ஏரிக்கரை வரை உடன் போய் வரலாம். நாளொன்றுக்கு அரை மணி நேரம். நிமிடத்துக்கு 100 அடி. செலவில்லாத இந்த வைத்தியத்தை முதிய உழவர்கள் இந்த வாரமே தொடங்கிப் பயன் பெறலாம்.