டார்ஃபூரும் பங்குச் சந்தையும்

சூடானின் டார்ஃபூர் பகுதியில் 2003-இல் வெடித்த மோதலிலும் அதைத் தொடர்ந்த படுகொலைகளிலும் லட்சக்கணக்கானோர் மாண்டனர். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அரசின் ராணுவச் செலவுக்குக் கைகொடுத்தது எண்ணெய் வருவாய். அந்த எண்ணெயை எடுப்பதில் முன்னணியில் நின்றது சீன தேசியப் பெட்ரோலியக் கழகம். அதன் துணை நிறுவனமான பெட்ரோசைனாவின் பங்குகளை அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகளும் ஓய்வூதிய நிதிகளும் வைத்திருந்தன.

எனவே மாணவர்களும் மனித உரிமை அமைப்புகளும் அந்த நிதி நிறுவனங்களுக்கு நெருக்கடி கொடுத்தனர். 2005-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பெட்ரோசைனா பங்குகளை விற்க முடிவெடுத்தது. ஃபிடெலிட்டி போன்ற நிறுவனங்களின் ஃபண்டுகளில் பங்குதாரர் தீர்மானங்கள் கொண்டுவரப்பட்டன, பெரும்பாலானவை தோற்றன. 2007 இறுதியில் வந்த அமெரிக்கச் சட்டம், மாநில அரசுகள் இத்தகைய முதலீடுகளைக் கைவிட வழிவிட்டது. 2010-இல் டிஐஏஏ-கிரெஃப் ஓய்வூதிய நிறுவனம் பெட்ரோசைனாவுடன் இந்தியாவின் ஓஎன்ஜிசி பங்குகளையும் விற்றுவிட்டதாக அறிவித்தது.

ஒருவர் விற்கும் பங்கை இன்னொருவர் வாங்கிவிடுவார் என்பதால், நிறுவனத்துக்கு உடனடி நஷ்டம் குறைவு. ஆனால் அதன் பெயர் கெடுகிறது. அரசுகளின் கவனமும் திரும்புகிறது. தன் சேமிப்பு எந்த நிறுவனத்துக்குப் போகிறது என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு முதலீட்டாளருக்கும் உண்டு.