உங்க தீசிஸ் புத்தகம் ஆகுமா? ஆய்வுப் பதிப்பகத்துக்கு ப்ரபோசல் எழுதும் கதை

இந்த வாரக் கேள்வி திருமுல்லைவாயில்ல இருந்து வந்திருக்கு. கேட்டவங்க பேர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. வரலாற்றுல பிஎச்.டி. முடிச்சு ஒரு வருஷம் ஆகுது. ஆய்வு அவங்க ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலைப் பத்தி. பட்டம் வாங்கின கொஞ்ச நாள்லயே ஒரு "சர்வதேசப் பதிப்பகம்" மெயில் அனுப்பியிருக்கு. உங்க தீசிஸை அப்படியே புத்தகமா போடுறோம், ஐஎஸ்பிஎன் உண்டு, பணம் மட்டும் கட்டிடுங்கன்னு. "கட்டலாமா? இல்ல, கேம்பிரிட்ஜ் மாதிரி பெரிய இடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாமா? அனுப்புறதுன்னா என்னத்தை அனுப்பணும்?" இதுதான் கேள்வி.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். கட்டாதீங்க. ஐஎஸ்பிஎன் பெரிய விஷயமே இல்ல. இந்தியாவுல அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமா கொடுக்குது. நீங்களே உங்க புத்தகத்தைப் போட்டாலும் வாங்கிக்கலாம். அப்புறம் ஏன் இந்த வியாபாரம் இவ்வளவு ஜோரா நடக்குது? காரணம் யுஜிசியோட 2018 விதிமுறைகள்ல இருக்கு. ஆசிரியர் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கணக்குப் போடுற புள்ளிப் பட்டியல்ல, சர்வதேசப் பதிப்பகம் போட்ட புத்தகத்துக்கு 12, தேசியப் பதிப்பகம்னா 10, தொகுப்பு நூல்ல ஒரு கட்டுரைக்கு 5. அந்த "சர்வதேச"ங்கற ஒரு வார்த்தையை நம்பியே பல பேர் கடை விரிச்சிருக்காங்க.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்க வேண்டாம். நல்ல பதிப்பகங்கள்லயும் ஓப்பன் ஆக்சஸ்னு ஒரு வழி இருக்கு. அதுக்குப் பணம் உண்டு, பெரும்பாலும் பல்கலைக்கழகமோ நிதி கொடுத்த அமைப்போ கட்டும். ஆனா அங்க பணப் பேச்சு உங்க எழுத்தை மதிப்பிட்டு ஏத்துக்கறதோட சம்பந்தப்படாம தனியா நடக்கும். இங்க வந்த மெயில்ல உங்க தீசிஸை யாராவது படிச்சதுக்கான அடையாளமே இல்லையே.

இப்ப இரண்டாவது பாதிக்கு வருவோம். ஆய்வுப் பதிப்பகத்துக்கு முதல்ல புத்தகத்தை அனுப்ப மாட்டோம், ப்ரபோசலைத்தான் அனுப்புவோம். பத்துப் பக்கம், கூடினா பதினஞ்சு பக்கம். கூட ஒண்ணு ரெண்டு மாதிரி அத்தியாயம், உங்க சுயவிவரம். அவ்வளவுதான். ஆனா அந்தப் பத்துப் பக்கத்துலதான் பலரும் சறுக்குறாங்க. தீசிஸோட சுருக்கத்தை எடுத்து அப்படியே ஒட்டிடுறதுதான் காரணம்.

தீசிஸைப் படிக்கறது மூணு நாலு பேர். அவங்க படிச்சே ஆகணும், அது அவங்க கடமை. நீங்களும் "இந்தத் துறையில எல்லாத்தையும் படிச்சிட்டேன், முறையா வேலை பார்த்தேன்"னு நிரூபிக்கறதுக்காக எழுதினீங்க. பதிப்பகத்துல உக்காந்திருக்கிற கமிஷனிங் எடிட்டருக்கு அந்தக் கடமை கிடையாது. அவர் திருமுல்லைவாயிலைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவர் மனசுல ஒரே ஒரு கேள்விதான்: இந்த ஊரைப் பத்தித் தெரியாதவர், தெரிஞ்சுக்கணும்னு நினைக்காதவர், இந்தப் புத்தகத்தை எதுக்கு எடுக்கணும்?

"ஒரே ஒரு கோயிலைப் பத்தின புத்தகத்தை வெளிநாட்டுப் பதிப்பகம் எங்க போடப்போகுது"ன்னு நினைக்க வேண்டாம். போட்டிருக்காங்க. அர்ஜுன் அப்பாதுரை திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைப் பத்தித்தான் சிகாகோ பல்கலைக்கழகத்துல ஆய்வு பண்ணினார். 1981ல கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ் அதைப் புத்தகமா போட்டது. தலைப்பு 'வர்ஷிப் அண்ட் கான்ஃப்ளிக்ட் அண்டர் கலோனியல் ரூல்'. துணைத்தலைப்பு 'எ சவுத் இண்டியன் கேஸ்'. திருவல்லிக்கேணின்னோ பார்த்தசாரதின்னோ அட்டைத் தலைப்புல கிடையாது. மூணு வருஷம் கழிச்சு அதே கேம்பிரிட்ஜ், சி.ஜே. ஃபுல்லர் மதுரை மீனாட்சி கோயில் பட்டர்களைப் பத்தி எழுதினதைப் போட்டது. பேர் 'சர்வன்ட்ஸ் ஆஃப் தி காடெஸ்'. அதுலயும் மதுரை தலைப்புல இல்ல.

ஊர்ப் பேரை மறைச்சா பெரிய பதிப்பகம் ஏத்துக்கும்னு நான் சொல்லல. உள்ள அத்தனை பக்கமும் திருவல்லிக்கேணிதான்: தென்கலை–வடகலைச் சண்டை, தர்மகர்த்தாக்கள், பரிவட்டம் மாதிரி மரியாதைகள், வழக்குகள். ஆனா புத்தகம் கேட்கற கேள்வி வேற. கோயிலுக்குள்ள யாருக்கு என்ன உரிமைங்கறதை முன்னாடி அரசன் தீர்த்து வெச்சான்; அந்த இடத்துக்கு வெள்ளைக்காரன் கோர்ட் வந்தப்போ என்ன ஆச்சு? இந்தக் கேள்வியை எகிப்துல வக்ஃபு நிலத்தைப் பத்தி ஆராயறவரும் எடுத்துப் படிப்பார். எடிட்டர் தேடுறது அந்த ரெண்டாவது வாசகரைத்தான்.

இன்னொரு உதாரணம், நம்ம நேயருக்கு ரொம்பக் கிட்ட வர்றது. டேவிட் ஷுல்மன் லண்டன்ல 1976ல கொடுத்த தீசிஸோட தலைப்பு, தமிழ்ல சொன்னா, "தமிழ்ச் சைவத் தலபுராணங்களின் தொன்மம்". சரியான தலைப்புதான், ஆனா அலமாரித் தலைப்பு. 1980ல பிரின்ஸ்டன் போட்ட புத்தகம் 'தமிழ் டெம்பிள் மித்ஸ்'. துணைத்தலைப்புல பலியும் தெய்வத் திருமணமும் வந்திருச்சு. இதுல தலைப்பு மட்டும் மாறல. முதல்ல இருந்தது தன் கையில இருக்கிற ஆதாரங்களோட பேர். ரெண்டாவது, அந்த ஆதாரங்கள் எதைப் பத்திங்கறதோட பேர்.

இதை வெச்சு திருமுல்லைவாயிலைப் பார்ப்போம். தீசிஸ்ல என்ன இருக்கும்னு ஓரளவு ஊகிக்கலாம். சுந்தரர் பாடின தலம், சோழர் காலக் கல்வெட்டு, தூங்கானை மாட விமானம். தொண்டைமான் யானை கால்ல முல்லைக்கொடி சிக்கிக்கிச்சு, வாளால வெட்டினான், லிங்கத்துல ரத்தம் வந்தது. அதனால இன்னிக்கும் சாமிக்குச் சந்தனக் காப்புங்கற தலபுராணம். எருக்கந்தூண், எதிர்ப்பக்கம் திரும்பின நந்தி. அத்தியாயம் ஒண்ணு தலவரலாறு, ரெண்டு கல்வெட்டு, மூணு கட்டடக்கலை, நாலு திருவிழா. தகவல் நிறைய இருக்கு. ஆனா கேள்வி எங்க?

கேள்வி அந்த ஊர்லயே கிடக்கு, எடுக்கத்தான் ஆள் வேணும். உதாரணமா, பௌர்ணமி வெள்ளிக்கிழமைல மூணு அம்மன் தரிசனம். காலையில மேலூர் திருவுடையம்மன், மத்தியானம் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். ஒரே நாள்ல மூணும் முடிக்கணும்னா கடற்கரைப் பக்கம் இருந்து மேற்குப் புறநகர் வரைக்கும் ஓடணும். பஸ், ஷேர் ஆட்டோ, வேன். இந்தச் சுத்து எப்படிப் பரவுச்சு? யார் எழுதினாங்க, யார் அச்சடிச்சாங்க, போக்குவரத்து வசதி அதை எவ்வளவு மாத்துச்சு? இல்லன்னா இன்னொண்ணு: 1960கள்ல அம்பத்தூர்ல தொழிற்பேட்டை வருது, ஆவடியில டாங்கி ஃபேக்டரி வருது, எங்கெங்கிருந்தோ வேலைக்கு ஆள் வந்து குடியேறுறாங்க. தேவாரத்துல ஏறின ஒரு பழைய கோயில், அதைப் பத்தி எந்தப் பூர்வ நினைவும் இல்லாத ஒரு புது ஜனத்துக்கு எப்படி "நம்ம ஊர்க் கோயில்" ஆச்சு? இந்தக் கேள்வியை வெச்சீங்கன்னா மும்பை, ஜகார்த்தான்னு எந்த நகரத்தோட புறநகரைப் பத்தி யோசிக்கறவரும் உங்க வாசகர். கல்வெட்டும் தலபுராணமும் எங்கயும் போகல. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ற வேலைக்கு வந்துடுது.

சீர்காழிப் பக்கம் கடலோரத்துல இன்னொரு திருமுல்லைவாயில் இருக்கு, அதுவும் பாடல் பெற்ற தலம். ப்ரபோசலோட முதல் பத்தியிலயே எதுன்னு சொல்லிடுங்க. ரிவ்யூவர் ஒரு சைவ இலக்கிய நிபுணரா இருந்தா முதல் சந்தேகமே அங்கதான் வரும்.

கேள்வி கிடைச்சாச்சுன்னா மத்த பகுதிகள் அவ்வளவு கஷ்டமில்ல. புத்தகத்தைப் பத்தி ரெண்டு பக்கம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பத்தி. அதுல "இந்த அத்தியாயம் இதைப் பத்திப் பேசுகிறது"ன்னு எழுதாம, அது என்ன சொல்லுதுன்னு எழுதுங்க. மொத்தம் எத்தனை வார்த்தை. எண்பதாயிரத்துல இருந்து ஒரு லட்சம் வரை பொதுவா ஓகே, மூணு லட்சம்னா கதவு சாத்தும். எத்தனை படம், எத்தனை வரைபடம், கோயிலுக்குள்ள எடுத்த போட்டோன்னா அறநிலையத்துறை அனுமதி கையில இருக்கா. எப்ப முழுசா கொடுப்பீங்க. தீசிஸ்ல இருந்து எவ்வளவு மாத்தப்போறீங்க. இது முக்கியம், ஏன்னா உங்க தீசிஸ் அநேகமா ஷோத்கங்காவுல யார் வேணா டவுன்லோட் பண்ற மாதிரி கிடக்கும். அதையே விலை போட்டு விக்க எந்த எடிட்டரும் தயாரா இருக்க மாட்டார்.

எல்லாரும் சொதப்புறது "ஒத்த நூல்கள்" பகுதியில. "இந்தத் தலைப்பில் இதுவரை எந்த நூலும் வந்ததில்லை"ன்னு பெருமையா எழுதிடுவாங்க. எடிட்டர் காதுல அது "இதை வாங்க ஆளே இல்ல"ன்னு விழும். பக்கத்து அலமாரியில என்ன இருக்குன்னு காட்டணும். ஜோன் வாகோர்ன் சென்னையோட புதுக் கோயில்களையும் நடுத்தர வர்க்கத்தையும் பத்தி 2004ல எழுதின 'டயஸ்போரா ஆஃப் தி காட்ஸ்' இருக்கு. லெஸ்லி ஆர் கல்வெட்டுகளை வெச்சுக் கோயில் பெண்களைப் பத்தி 2000த்துல எழுதினது இருக்கு. ரெண்டும் ஆக்ஸ்ஃபோர்ட் போட்டது. இவங்க விட்ட இடம் எது, நீங்க எங்க சேர்றீங்க, எங்க முரண்படுறீங்க, அஞ்சாறு வரியில சொல்லுங்க. யாரையும் திட்ட வேண்டாம். உங்க ப்ரபோசலைப் படிக்கப்போறது அவங்கள்ல ஒருத்தராவே இருக்கலாம்.

எங்க அனுப்பறது? உங்க அலமாரியைப் பாருங்க. நீங்க அதிகமா மேற்கோள் காட்டின புத்தகங்களை யார் போட்டாங்களோ அவங்கதான் முதல் பட்டியல். இந்தியாவுல ஓரியண்ட் பிளாக்ஸ்வான், பெர்மனன்ட் பிளாக், பிரைமஸ் எல்லாம் வரலாறு போடுறவங்க. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோட இந்தியவியல் வரிசை கோயில், கல்வெட்டு ஆய்வுக்கு நல்ல வீடு. ப்ரபோசலை ஒரே நேரத்துல ரெண்டு மூணு இடத்துக்கு அனுப்பலாம். ஆனா அனுப்பியிருக்கேன்னு சொல்லிடணும். முழுப் பிரதியை ரிவ்யூவுக்கு எடுத்துக்கிட்டாங்கன்னா அதுக்கப்புறம் ஒரு இடம்தான்.

எடிட்டருக்குப் பிடிச்சா ரெண்டு நிபுணர்களுக்குப் போகும். மாசக்கணக்குல ஆகும். ரிப்போர்ட் வரும், படிச்சா ரெண்டு நாள் தூக்கம் போகும். அதுக்கு நீங்க எழுதற பதிலையும் சேர்த்துத்தான் பதிப்பகத்துக்குள்ள இருக்கிற குழு முடிவு பண்ணுது. "மூணாவது அத்தியாயம் பலவீனம்னு சொன்னது சரி, இப்படி மாத்துறேன், அஞ்சாவது பத்தி சொன்னதை ஏத்துக்க முடியல, காரணம் இது"ன்னு அமைதியா எழுதினவங்க புத்தகம் நகரும். எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கன்னு தலையாட்டினாலும் சந்தேகம்தான்.

தமிழ்ல எழுதினா? நம்ம பதிப்புலகத்துல ப்ரபோசல்ங்கற பழக்கம் அவ்வளவா கிடையாது. முழுப் பிரதியோட போய் நிப்போம், அறிமுகம் வழியா நடக்கும், வெளி நிபுணர் பார்த்துக் கருத்து சொல்றது அபூர்வம். ஆனா நல்ல எடிட்டர் இருந்தா எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு ஐராவதம் மகாதேவனோட 'எர்லி தமிழ் எபிகிராஃபி' சாட்சி. தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை 1960கள்ல இருந்து குகை குகையா ஏறிப் படிச்சவர். புத்தகம் வந்தது 2003ல. போட்டது சென்னை க்ரியாவும் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து. ஹார்வர்ட் ஓரியண்டல் சீரிஸ்ல 62ஆவது நூல்.

அந்த மாதிரி கூட்டு வெளியீடு உங்களுக்கும் தேவைப்படும். வெளிநாட்டு ஹார்ட்பேக் பல ஆயிரம் ரூபாய், லைப்ரரிதான் வாங்கும். கோயிலைப் பத்திப் பேட்டி கொடுத்த குருக்களும், பூ விக்கிற அம்மாவும், ஏன், உங்க காலேஜே வாங்காது. அதனால காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கேளுங்க: தெற்காசியப் பதிப்பு தனியா மலிவு விலையில வருமா, தமிழ் மொழிபெயர்ப்பு உரிமை யார்கிட்ட இருக்கும். கேட்டா கொடுக்க வாய்ப்பு இருக்கு, கேட்காம விட்டா எல்லாம் அவங்ககிட்டயே போயிடும். எடிட்டர்கள் இதைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கடைசியா ஒரு வேடிக்கை. வெளிநாட்டு ஆய்வுப் புத்தகம் எதையாவது எடுத்து காப்பிரைட் பக்கத்தைத் திருப்புங்க. டைப்செட் பண்ணினது சென்னைன்னோ புதுச்சேரின்னோ பல புத்தகங்கள்ல போட்டிருக்கும். உங்க ப்ரபோசல் கேம்பிரிட்ஜ் போய் ஜெயிச்சா, ப்ரூஃப் பார்க்கறவர் அநேகமா உங்க ட்ரெயின்லயே ஏறுற ஒருத்தரா இருப்பார். காண்ட்ராக்ட்ல இருக்கிற மத்த ஷரத்துகளை அடுத்த எபிசோட்ல ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்ப்போம்.